பதினான்காம் துண்டு

முள்ளியவளை முகாம்,
10.01.2026

அன்புத் தம்பி கிறிஸ்ரிக்கு,

மாதாவின் காவலில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி. நத்தாருக்கு நீ வரவில்லை என்று பலகாரத்தைத் தகர ரின்னில் போட்டுப் புதுவருடம் வரை ஒருவரையும் தொட விடவில்லை.

உங்கள் கணிதத்துறையும் எங்கள் மிதிவெடி அகற்றும் நிறுவனமும் ஒப்பந்தம் செய்த படத்தை முகாமின் கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கழுத்துப்பட்டியோடு நிற்கிறாய். "றஞ்சனியக்கா, இனி உங்கட தம்பியின்ர கணக்குப்படிதான் மிதிவெடி தேடப்போறம்" என்று கூட வேலை செய்யும் பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள். எனக்குப் பெருமைதான்.

ஆனால் நேற்றுப் பதினான்காம் காணித் துண்டை வெடியில்லாத இடமென்று பச்சையாக்கி, எங்களை வெளியே எடுத்துவிட்டார்கள். பாதிக் காணிதான் பார்த்திருந்தோம். மிச்சத்தில் வெடி இருக்க வாய்ப்பில்லை என்று உன் கணக்குச் சொல்கிறதாம். அந்த வாய்க்கால் கரை எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்பது வருடம் முழங்காலில் நின்று மண் கிளறியவள் சொல்கிறேன்.

போனில் கதைத்தால் கூடாரம் முழுக்கக் கேட்கும். அதனால்தான் சாரதி கிருபனிடம் கடிதம் கொடுத்துவிடுகிறேன்.

அக்கா றஞ்சனி

*

வவுனியா,
17.01.2026

அன்பின் அக்காவுக்கு,

அம்மாவை முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நத்தாருக்கு வராதது என் பிழைதான். உங்கள் நிறுவனத்துக்கான அறிக்கையை முடிக்க வேண்டியிருந்தது.

பயப்படாதீர்கள். பதினொரு வருடமாக உங்கள் நிறுவனம் எடுத்த ஒவ்வொரு வெடியும் எங்கே கிடந்தது என்ற தரவு எங்களிடம் இருக்கிறது. அதிலிருந்துதான் ஒவ்வொரு துண்டுக்கும் நிகழ்தகவு கணித்தோம். பதினான்காம் துண்டில் ஆயிரத்துக்கு மூன்றுதான். எல்லாக் காணியையும் கையால் தோண்டினால் சனம் தங்கள் நிலத்துக்குத் திரும்ப இன்னும் இருபது வருடமாகும். உங்களுக்கு அது தெரியாததா?

எங்கள் துறைக்கு வெளியிலிருந்து வந்த முதல் ஒப்பந்தம் இது. மேனுகா, நிருஷன் என்று இரண்டு மாணவர்களுக்கு இதனால் வேலை கிடைத்திருக்கிறது. உங்கள் கைக்கு அனுபவம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயம் ஒரு தரவு அல்ல, அக்கா.

தம்பி கிறிஸ்ரி

*

முள்ளியவளை முகாம்,
24.01.2026

தம்பி,

புதன்கிழமை பக்கத்துப் பதின்மூன்றாம் துண்டில் எல்லைத் தடி நடப்போனோம். பதினான்கின் வாய்க்கால் மணலுக்குள், எல்லைக்கு உள்ளே, ஒரு சாண் ஆழத்தில் ஒரு மிதிவெடி கிடந்தது. சரிந்து, பக்கவாட்டில். புதைத்த வெடி அப்படிக் கிடக்காது. கார்த்திகை வெள்ளம் காட்டோரத்திலிருந்து அதை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மேற்பார்வையாளரிடம் காட்டினேன். "பதின்மூண்டில எடுத்ததெண்டு எழுதுங்கோ. பச்சையாக்கின துண்டைத் திருப்பிச் சிவப்பாக்கேலாது" என்றார். நான் எழுதவில்லை. வேறு யாரோ எழுதினார்கள்.

அந்தக் காணி கமலாசனி அக்காவினுடையது. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். வேலியோரத்தில் நின்று, "தங்கச்சி, நான் இறங்கலாமோ? கச்சான் கடலை போடவேணும்" என்று கேட்டா. "கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். எத்தனை நாளைக்குச் சொல்லலாம்?

இப்போது ஒவ்வொரு அடி நிலத்தையும் கருவியால் இரண்டு முறை பார்க்கிறேன். இதுவரை அப்படிச் செய்ததில்லை. உன் கணக்கில் தண்ணீர் எங்கே இருக்கிறது, சொல்லு.

றஞ்சனி

*

வவுனியா,
31.01.2026

அக்கா,

தண்ணீர் இல்லை.

அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் 'வெடிகள் புதைத்த இடத்திலேயே இருப்பதாகக் கொள்க' என்று ஒரு வரி இருக்கிறது. நான் எழுதிய வரி. நிலத்தின் சரிவையும் வெள்ளத்தையும் சேர்த்து மறுபடி கணித்தேன். ஆயிரத்துக்கு மூன்று என்றது ஒன்பதுக்கு ஒன்றாகிவிட்டது. மூன்று முறை சரிபார்த்தேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாள்தான் பதினான்காம் துண்டு பாதுகாப்பானது என்ற உறுதிப்பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன். துறைத் தலைவரிடம் சொன்னேன். "அடுத்த மாதக் கூட்டத்தில கதைப்பம். இப்ப வாயைத் திறந்தால் ஒப்பந்தமும் போகும், உம்மட வேலை நிரந்தரமாகிறதும் போகும்" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. கூட்டம் வரைக்கும் கமலாசனி அக்காவை எப்படியாவது மறித்து வையுங்கள். ஏதாவது சாட்டுச் சொல்லுங்கள்.

கிறிஸ்ரி

*

சிலாவத்தை,
07.02.2026

தம்பி,

வியாழக்கிழமை பந்தல் போட்டுக் கமலாசனி அக்காவிடம் பத்திரத்தைக் கொடுத்தார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று என்னிடம் வாசிக்கத் தந்தா. 'இந்நிலம் பாதுகாப்பானது' என்று வாசித்தேன். கீழே உன் பெயர்.

நீ கேட்ட சாட்டை நான் சொல்லவில்லை. எல்லோரும் கேட்கச் சொன்னேன்: "அக்கா, இது என்ர தம்பியின்ர கையெழுத்து. இது பிழை. பிழையெண்டு அவனுக்கும் தெரியும். இறங்காதேங்கோ."

அன்றைக்கே என்னை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கமலாசனி அக்கா வாடகைக்குப் பேசிய உழவு மெசினை வேண்டாமென்று திருப்பிவிட்டா. பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறா. அவவின் பயம் எனக்கு விளங்குகிறது. உன்னுடையதுதான் விளங்கவில்லை. நீ எதற்குப் பயப்படுகிறாய்?

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

றஞ்சனி

*

வவுனியா,
12.02.2026

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது பதில் இல்லை, செய்தி.

நேற்றுக் கையெழுத்தை மீளப்பெற்றுக்கொண்டேன். புதிய கணக்கையும் ஆறாம் பக்கத்தையும் மிதிவெடி அகற்றலுக்குப் பொறுப்பான கொழும்பு அதிகாரிகளுக்கு அனுப்பினேன். வாய்க்கால் மணலில் நீங்கள் கண்டதையும் எழுதினேன். உங்களிடம் கேட்காமல் உங்கள் பெயரைப் போட்டதற்கு மன்னியுங்கள். நிறுவனம் ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டது. துறைத் தலைவர் என்னோடு கதைப்பதில்லை. நிருஷன் மேசையை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டான். மேனுகா மட்டும் சம்பளமில்லாமல் இருந்து, வெள்ளம் போன வழிகளைக் காட்டும் வரைபடம் வரைகிறாள்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அதே வரியை வைத்து இன்னும் ஏழு துண்டுகளைப் பச்சையாக்கியிருக்கிறோம். அவற்றில் சனம் இறங்கிவிட்டதா என்று எனக்குத் தெரியாது.

கிறிஸ்ரி

*

சிலாவத்தை,
28.02.2026

அன்புத் தம்பிக்கு,

கொழும்பிலிருந்து வந்தவர்கள் பதினான்கை மறுபடி தோண்டினார்கள். கரையோரமாக நான்கு எடுத்திருக்கிறார்கள். ஒன்று, கமலாசனி அக்காவின் பிள்ளைகள் விறகு பொறுக்கப் போக இருந்த பாலை மரத்தடியில். செய்தி கேட்டு அவ அழவில்லை. மற்றத் துண்டுக்காரருக்கும் போய்ச் சொல்லுவம் என்று வெளிக்கிட்டா.

மற்ற ஏழு துண்டுகளுக்கும் அவர்கள் வந்து சேர மாதங்கள் ஆகும். இரண்டில் கச்சான் முளைத்துவிட்டது. ஒன்றில் கொட்டில் போட்டுக் கைக்குழந்தையோடு இருக்கிறார்கள். நீ அனுப்பிய மேனுகாவின் வரைபடத்தைக் கொண்டு நானும் கமலாசனி அக்காவும் வீடு வீடாகப் போகிறோம். சிலர் கேட்கிறார்கள். சிலர், "பத்திரம் கிடக்கு, உங்களுக்கென்ன?" என்று கதவைச் சாத்துகிறார்கள். அந்தப் பத்திரத்தில் பெயர் உள்ளவனே வந்து சொன்னால் ஒருவேளை கேட்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் தார் வீதியாலேயே நடந்து வா. கிட்ட என்று நினைத்து வாய்க்கால் கரையால் மட்டும் வந்துவிடாதே.

அக்கா றஞ்சனி