படகு ஓட்டியது உண்மைதான்

அன்புள்ள சின்னவளுக்கு,

எனக்கு நினைவு தடுமாறவில்லை. நலம் விசாரித்த பிறகுதான் நான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன், இந்த முறை இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு முதுகுவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அண்ணன் போனில் உன்னிடம் என்ன சொல்லியிருப்பான் என்று தெரியும். அம்மா காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம்தான் வருகிறாள், எங்கே போனாய் என்றால் பதில் இல்லை, யாரோ முன்பின் தெரியாதவளோடு பூங்கா ஏரியில் படகு ஓட்டிக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள், உன் அண்ணியோடு வேலை பார்க்கும் பெண்ணே கண்ணால் பார்த்தாள். படகும் சிரிப்பும் உண்மை. தடுமாற்றம் பொய். நான் வேலைக்குப் போயிருந்தேன்.

நகர வார இதழ் ஒன்றில் நூலகம் திறக்கும் நேரத்தைத் தவறாகப் போட்டிருந்தார்கள். திருத்தி எழுதி அனுப்பினேன், நான் சும்மா விடுவேனா? நான்காம் நாள் அதன் ஆசிரியை கூப்பிட்டாள். உன் வயதுதான் இருக்கும். "இவ்வளவு கவனமாப் பாக்குறீங்களே, நீங்களே எங்களுக்கு எழுதித் தர்றீங்களா?" என்றாள். வயதானவர்கள் தனியாகப் போய் ஒரு பகலைச் சந்தோஷமாகக் கழிக்கக்கூடிய இடங்கள், இரண்டு வாரத்துக்கு ஒன்று. அச்சில் பார்க்கும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று வைத்திருந்தேன். அந்த வாய்மூடித்தனம்தான் இவ்வளவுக்கும் காரணம், அதை ஒப்புக்கொள்கிறேன். முதலில் ஏரிக்குப் போனேன். கரையில் நின்றே குறிப்பெடுத்தேன்: மிதிபடகுகள் இருபத்திரண்டு, மிதவைச் சட்டைகளில் மூன்றுக்குக் கொக்கி இல்லை, இறங்கும் படிகள் ஒன்பது, கைப்பிடி ஆறாவது படியோடு நின்றுவிடுகிறது. சுத்தமாக எழுதி அனுப்பினேன். அவள் படித்துவிட்டு, "அம்மா, இதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா படிச்சா எனக்கே அங்க போகப் பயமா இருக்கு. நீங்க படகுல ஏறினீங்களா இல்லையா?" என்றாள். வேலை நேரத்தில் நான் விளையாடுவதில்லை என்றேன். "அதுதாம்மா இங்க வேலையே" என்று சிரித்தாள். ஒரு நாள் முழுக்க எனக்குக் கோபம். கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்குப் புத்தகத்தை மூடிவிட்டு விளையாடு, விளையாட்டை முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திற என்று பழக்கியிருந்தார்கள். முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் தட்டச்சு மேசையில் ஒரு வாய் தேநீர்கூட நான் குடித்ததில்லை, உனக்கே தெரியும்.

வியாழக்கிழமை மறுபடி போனேன். நோட்டைச் சீட்டு கொடுப்பவரிடம் கொடுத்து வைத்தேன், கையில் இருந்தால் எழுதிவிடுவேன் என்று. தனி ஆளை ஏற்ற முடியாது, இரண்டு பேர் வேண்டும் என்றார் அவர். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் தையல் கடை வைத்திருந்து மூடியவராம். "மூணு வாரமா இதே பதிலக் கேட்டுட்டுத் திரும்பிப் போறேங்க. வாங்க, ஏறுவோம். உங்களுக்கு எந்த முட்டி?" என்றார். வலது என்றேன். "எனக்கு இடது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு, போதும்" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அவர் மிதிக்கும் வேகமும் என் வேகமும் ஒத்துப்போகாமல் படகு ஏரி நடுவில் செக்கு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. கரையிலிருந்து ஒலிபெருக்கியில், "ஏழாம் நம்பர் அம்மா, கரைக்கு வர்ற எண்ணம் இருக்கா, இல்ல அங்கயே குடியா?" என்று கேட்டார்கள். உன் அப்பா போனபிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. இறங்கி, நோட்டைத் திரும்ப வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, ஈரச் செருப்போடு அடித்தல் திருத்தல் இல்லாமல் இரண்டு பக்கம் எழுதினேன். அது அப்படியே அச்சாகிவிட்டது, இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வந்தான், திங்கட்கிழமை டாக்டரிடம் அழைத்துப் போனான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், இரண்டு வரைக்கும் கழித்துவிட்டு, சுவர்க் கடிகாரம் ஆறு நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு குறையும் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். உன் அண்ணனுக்கு அது போதவில்லை. என்றைக்காவது எங்கேயாவது விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்கிறான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவன் வீட்டுப் பின்னறைக்கு நான் வந்துவிட வேண்டுமாம். பாசத்தில் குறை சொல்ல மாட்டேன், திரைச்சீலைகூட வாங்கிவிட்டான். ஆனால் அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்கு என் காலுக்கு முக்கால் மணி நேரம். போனால் இந்த வேலை முடிந்தது. அதைச் சொன்னதும், "ஊர் சுத்துறதுக்கு வேலைன்னு ஒரு பேர் வேற" என்றான்.

வங்கி வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய் எழுதிப் பிழைக்கிறேன் என்று மூன்று வருடத்துக்கு முன் நீ வந்து நின்றபோது இதே வார்த்தைகளை உன்னிடம் சொன்னவள் நான். உன் அண்ணன் அப்போது பக்கத்தில்தான் இருந்தான், என்னிடமிருந்துதான் கற்றிருக்கிறான். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தும் நடந்துகொண்டும் நீ செய்கிற வேலையில் எது உழைப்பு எது பொழுதுபோக்கு என்று பிரிக்க முடியாததால் அதில் உழைப்பே இல்லை என்று முடிவு கட்டினேன். அது தவறு. அன்றைக்குச் சொன்னதும் தவறு, சொன்னது தவறு என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தது அதைவிடத் தவறு. இதை அழகுபடுத்தி எழுத எனக்குத் தெரியவில்லை.

நீயும் சம்மதித்துவிட்டாய் என்கிறான் உன் அண்ணன். உன் அப்பா போன அன்றே, வீட்டைப் பற்றி மூன்று பேரும் ஒத்துக்கொள்ளாமல் எதுவும் செய்வதில்லை என்று பேசிக்கொண்டோம், நான் அதை மீற மாட்டேன். நீ நிஜமாகவே போ என்றால் ஒன்றாம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன், முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் போனில் பேச்சை முடிப்பதற்காக எதற்கெடுத்தாலும் "சரி சரி" என்கிறவள் நீ, அந்தச் சரியை நான் கணக்கில் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்ட கையோடு காரியம் சாதிக்கிறாள் என்றும் நினைக்காதே, போன பத்தியைத் தனியாகப் படி, இதைத் தனியாகப் படி.

மற்றபடி உன் அண்ணன் மகளுக்கு முன் பால் பல் இரண்டும் விழுந்துவிட்டது, சிரிக்க மாட்டேன் என்கிறாள். அடுத்து எனக்கு நகராட்சி நீச்சல் குளம், தண்ணீரில் இறங்கினால்தான் கட்டுரை என்று ஆசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நீ பூங்கா பெஞ்சிலேயே நாள் முழுக்க உட்கார்ந்து எழுதாதே, முதுகுக்குச் சாய்மானம் உள்ள இடமாகப் பார். நீ எழுதியதில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை, இருப்பதை அனுப்பு. நீ நன்றாக இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதாக அமைய வேண்டும்.

நான் இங்கேயே இருக்கலாமா, போக வேண்டுமா, இருபத்தெட்டாம் தேதிக்குள் என் கைக்கு வரும்படி உன் கையெழுத்தில் எழுது.

அம்மா