ஒரே அட்டைக்குள் இரண்டு நாவல்கள்

ஜூன் 11, 2025
இன்று மேடத்திடம் சொல்லாமல் வந்தது: உங்கள் ஆசிரியர் தப்பாக எழுதிவிட்டார்.

என் ஆய்வே அவரைப் பற்றித்தான். பேராசிரியர் ஆறுமுகச்சாமி. ஊர் ஊராக பஸ்ஸில் போய், கிடைத்த பிரதியையெல்லாம் படித்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதியவர். இறந்து இருபது வருடமாகிறது. அந்த நூலை மறுபதிப்புக் கொண்டுவருகிறவர் அவருடைய மாணவி கனகலட்சுமி மேடம், என் நெறியாளர். "அடுத்த மாசம் அச்சுக்குப் போயிரும். நீ எழுத்துப்பிழை மட்டும் பாரு, போதும்" என்றார். தலையாட்டினேன்.

ஜூன் 12
வீரபாண்டி என்பவர் ஒரு பக்தி நாவல் எழுதினாராம். அடுத்து, கரிசல்காட்டுக் கூலிப் பெண்களைப் பற்றி ஒன்று. இந்தத் "திருப்பம்" பற்றி நூலில் பன்னிரண்டு பக்கம். பேராசிரியர் படித்தது ஒரு பழைய வாசகசாலைப் பிரதி. அட்டைச் செலவு மிச்சமாகட்டும் என்று ஒல்லியான புத்தகங்களை அங்கே இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். இரண்டாவதன் முகப்புப் பக்கம் தையலில் போய்விட்டது. அதையும் வீரபாண்டி எழுதியதாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த இரண்டாம் நாவலின் தனிப் பிரதியை, என்னோடு ஆய்வு செய்யும் ஷாஹின் பானு திருவேங்கடம் ஊரில் ஒரு வீட்டுப் பரணில் கண்டெடுத்தாள். முகப்பு கிழியாமல் இருக்கிறது. எழுதியவர் பேச்சித்தாய். 1938.

ஜூன் 15
பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஷாஹின் கேட்டாள்: "ஏட்டி இசக்கி, செத்தவருக்குப் பயப்படுதியா, மேடத்துக்கா?"

"மேடந்தானே ஆய்வேட்டுல கையெழுத்துப் போடணும்."

"சரி, பேச்சித்தாய் இன்னும் எம்பது வருஷம் வீரபாண்டியாவே இருக்கட்டும்."

பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன். அவள் சொன்னது சரிதான்.

ஜூன் 16
பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம். ஒரு வரி ஓடவில்லை.

ஜூன் 19
சொல்லிட்டேன்.

முகப்பின் நகலை மேசையில் வைத்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "முதல் பதிப்புக்கு நான்தான் புரூஃப் பாத்தேன். ரெண்டு நாவல்லயும் நடை வேற வேறயா இருக்கேன்னு அப்பவே தோணிச்சு. சார் முன்னால வாய் வரல." நகலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ போ. நான் பாத்துக்கிடுதேன்."

என்னத்தப் பாத்துக்கிடுவாங்க? வேற நெறியாளரத் தேடிக்கோன்னு சொல்லிட்டா? நாலு வருஷம் போச்சே—

ஜூன் 27
மேடத்திடமிருந்து அழைப்பு இல்லை.

ஆறுமுகச்சாமி அந்தப் பிரதியைத் தூசி தட்டி எடுத்திருக்காவிட்டால் இப்படி ஒரு நாவல் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. பிழைக்குப் பக்கத்திலேயே அதையும் எழுத வேண்டும். அவரைக் குறைக்காமல் எழுத முடியுமா? முடியும் என்றுதான் தோன்றுகிறது. இன்று நான்கு பக்கம் எழுதினேன்.

ஆகஸ்ட் 22
என் அத்தியாயத்தில் மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுபதிப்பும் வந்துவிட்டது. பன்னிரண்டு பக்கமும் அப்படியே இருக்கின்றன. கீழே மேடம் எழுதிய அடிக்குறிப்பு: "இரண்டாம் நாவலை எழுதியவர் பேச்சித்தாய். கண்டறிந்தவர்கள் ஷாஹின் பானு, இசக்கிச்செல்வி. முதற்பதிப்பின் மெய்ப்பிலேயே ஐயப்பட்டும் சொல்லாதிருந்தவர் கனகலட்சுமி."