பச்சைத் துண்டுக்காரனுக்கு அப்பா குத்திய சீல்

எதையும் அளந்து பார்க்காமல் விடாத என் அப்பாவுக்கு,

உங்கள் பேத்தி மித்ராவுக்குப் போன மாதம் மூன்று வயது முடிந்தது. நீங்கள் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இப்போது அவள் வாயை மூட வைப்பதே பெரிய வேலை. அம்மா வேப்பனப்பள்ளி வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூரில் எங்களோடுதான் இருக்கிறாள். நான் வேலைக்குப் போனால் குழந்தை அவளிடம். உங்கள் போனும் அவளிடம்தான்.

இதை நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேனே என்று கோபப்படாதீர்கள். நீங்கள் கடைசியாக எழுதியதும் அப்படி ஓர் இடத்தில்தான் கிடக்கிறது.

அந்த வீடியோ ஆப்பை உங்கள் போனில் ஏற்றியவள் நான். ரிட்டயர் ஆகி, பொழுது போகாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தீர்கள். திறந்ததும் அது முதலில் உங்கள் மொழி எது என்று கேட்டது. நான்தான் தமிழைத் தொட்டேன். "பரவாயில்லயே, நம்மள மதிச்சுக் கேக்குறான்" என்றீர்கள். மதிப்பாம்! குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுத் தரகனும் முதலில் எந்த ஊர் என்றுதான் கேட்பான். அதற்குப் பெயர் மதிப்பா?

பச்சைத் துண்டுக்காரன் அப்படித்தான் நம் வீட்டுக்குள் வந்தான். தோளில் துண்டு, பின்னால் மாந்தோப்பு, கையில் ஏதோ ஒரு தழை. "நானும் வேப்பனப்பள்ளிப் பக்கந்தாங்க. எங்கப்பாவோட சக்கரய இந்தப் பொடியிலதான் வெரட்டுனேன்" என்பான். கீழே "அருமை ஐயா", "தெய்வம் ஐயா" என்று கும்பிடு போட ஒரு கூட்டம். கும்பிடுகிற கைப் படத்தைத் தட்ட ஒரு விரல் போதும், தலைக்குள் எதுவும் இருக்க வேண்டியதில்லை.

நான் மட்டும் என்ன உசத்தி? கெமிஸ்ட்ரி படித்தவள். உங்கள் தோள் வழியாக எட்டிப் பார்த்தேன், சிரித்தேன், போய்விட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முப்பது வருஷம் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவர் நீங்கள். முந்தின ஷிப்ட்காரர் சரி என்று வைத்துவிட்டுப் போன உருப்படியைக்கூட நீங்களே கேஜ் வைத்து அளந்த பிறகுதான் உங்கள் நம்பர் உள்ள சீலைக் குத்துவீர்களாம். இவனை மட்டும் ஏன் அப்பா அளக்கவில்லை?

சர்க்கரை மாத்திரையை நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. கால் கட்டைவிரலில் புண் வந்து, அது கறுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு டாக்டர் கேட்டபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தீர்களே, அப்போதுதான் எங்களுக்கே தெரியும். அதற்குப் பின் பதினோரு நாள்.

காரியம் முடிந்த பிறகு உங்கள் போனில் அதைப் பார்த்தேன். "அருமை ஐயா. மாத்திரை நிறுத்தி 20 நாள். உடம்பு லேசாக உள்ளது. நன்றி." அவனுடைய வீடியோவுக்குக் கீழே, உங்கள் பெயரோடு, நீங்கள் அய்யனார் கோயில் வாசலில் எடுத்த படத்தோடு. அவன் அதை எல்லாவற்றுக்கும் மேலே எடுத்துக் குத்தி வைத்திருக்கிறான், கடை வாசலில் போர்டு வைப்பதுபோல. இன்றைக்கும் ஆட்கள் உங்களிடம் கேட்கிறார்கள்: "ஐயா, எத்தனை வேளை சாப்பிட்டீங்க?" "இப்ப எப்படி இருக்கீங்க?"

இப்போது எப்படி இருக்கிறீர்கள் அப்பா?

அழித்திருக்கலாம். போன் வீட்டில்தான் இருந்தது. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி நீங்கள் எழுதிய கடைசித் தமிழ் அது என்று விட்டுவைத்தேன். அந்தப் பாசத்துக்கு என்ன விலை என்று போன வாரம் தெரிந்தது.

வேலை முடிந்து வந்தால் மித்ராவுக்கு நெஞ்சு விசில் அடிக்கிறது, விலா எலும்பு உள்ளே இழுக்கிறது. இழுப்புக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர் பஃப் வைத்த இடத்தில் இல்லை. அடுப்பில் ஏதோ தழை கொதிக்கிறது. கேட்டால் அம்மா நிதானமாகச் சொல்கிறாள்: "அது பழகிப்போயிடும்னு அவரு சொல்றாரு கண்ணு. நம்ம பக்கத்து மனுசன் பொய்யா சொல்லுவாரு? உங்கப்பாவே கீழ நல்லாருக்குன்னு எழுதியிருக்காரே." அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். எடுத்து மூச்சில் ஏற்றி, குழந்தை என் மடியில் சீராக மூச்சுவிடும் வரைக்கும் நான் மூச்சுவிடவில்லை.

பிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் போனில் மொழியைக் கன்னடத்துக்கு மாற்றி அவனைத் தேடினேன். அதே துண்டு, அதே தோப்பு. அங்கே அவனுக்கு ஊர் கோலார் பக்கம். அப்பாவுக்கு வாழ்நாளில் வியாதியே வந்ததில்லையாம். தெலுங்குக்கு மாற்றினேன். அங்கே அவனுக்கு ஊர் குப்பம், என் அம்மா பிறந்த ஊர். அப்பா இங்கிலீஷ் மாத்திரை தின்றே செத்துப்போனாராம், கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். மூன்று மொழியும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெளியூர் ஏமாற்றுக்காரன் இல்லை அப்பா, அசல் நம்ம பக்கத்து ஆள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அம்மா போனை வாங்கி மூன்றையும் இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உங்கப்பாவுக்கு மூணு பாசையும் தெரியுமே, பாப்பா."

தெரியும். பஸ்ஸில் தெலுங்கு, கேன்டீனில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று வாழ்ந்தவர்தானே. நான் ஒரு மொழியைத் தொட்டுக் கொடுத்தேன். நீங்கள் அந்த ஒன்றிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

ஆப்காரர்களுக்கும் புகார் கொடுத்தேன். உடனே பதில், அழகான தமிழில்: இந்தப் பதிவு எங்கள் சமூக நெறிகளை மீறவில்லை. எந்தச் சமூகம்? நம் மொழியில் விளம்பரம் விற்கத் தெரிந்தவர்களுக்கு நம் மொழியில் ஒரு பொய்யைப் படித்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

சின்ன வயதில் எனக்கு ஒன்று சொல்வீர்கள், ஞாபகம் இருக்கிறதா? தப்பான உருப்படிக்கு ஓகே சீல் விழுந்துவிட்டால், குத்தியவர் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக்கூடாது. எந்த ஷிப்டில் இருந்தாலும் அவரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே அந்தச் சீலைச் சிவப்பு மையில் அடித்து ரத்து செய்யச் சொல்வார்கள். உங்களையும் ஒரு முறை தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள். முகம் தொங்கிப் போய்த் திரும்பி வந்தீர்கள். ஆனால் போனீர்கள்.

அதனால் உங்கள் வரியை நான் அழிக்கப்போவதில்லை. உங்கள் போனிலிருந்து, உங்கள் பெயரில், அந்த வரிக்குக் கீழேயே சேர்க்கப்போகிறேன்: "இதை எழுதியவர் மாத்திரையை நிறுத்தியதால் இறந்துவிட்டார். இவர் மகள் எழுதுகிறேன்." அவன் தூக்கிவிடுவான். தூக்கட்டும். கன்னடப் பக்கத்திலும் தெலுங்குப் பக்கத்திலும் போய்ச் சொல்வேன். எழுத வராத மொழியில் பேசிப் போடுவேன். அம்மா தெலுங்கில் தானே பேசுகிறேன் என்றிருக்கிறாள்.

உங்கள் சீலைச் சிவப்பு மையில் அடிக்க உங்களை எழுப்ப முடியாது. இந்த முறை நான் போகிறேன், அப்பா.

உங்கள் நம்பரைக் கையில் வைத்திருக்கும் மகள்,
மித்ராவின் அம்மா