வானொலிக்காரியின் எட்டு நொடிகள்

ஜனவரி 11

குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. அலுவலகத்தில் இன்று பார்த்த ஆய்வேட்டில் அறுபது மேற்கோள்கள். பதினேழு மூலநூலில் இல்லவே இல்லை. திருப்பி அனுப்பினேன். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் ஆபீஸ் வருவீங்களா மேடம்?" என்றார் பதிவாளர். அதற்குத்தான் பல்கலைக்கழகம் என்னை வைத்திருக்கிறது.

வீட்டில் ஒரு கடிதம். தங்கை குரல் கொடுத்த வீடியோ விளையாட்டின் கம்பெனியிலிருந்து. அவள் பேசிப் பதிவு செய்து, பயன்படுத்தாமல் விட்டவற்றை அடுத்த கதை அப்டேட்டில் சேர்க்க விரும்புகிறார்களாம். ஒப்பந்தப்படி வாரிசின் அனுமதி வேண்டும். வாரிசு அவள் மகள். பதினெட்டு ஆக இன்னும் ஐந்து மாதம் இருப்பதால் கையெழுத்து என்னுடையது. மார்ச் முதல் தேதிக்குள்.

தங்கை போய் ஆறு மாதம் ஆகிறது. செத்த பிறகும் வேலை வாங்குகிறார்கள்.

ஜனவரி 12

மறைத்து வைத்த கடிதத்தை எலி கண்டுபிடித்துவிட்டாள். சின்ன வயதில் பென்சில்களைக் கொறித்ததால் தங்கை தன் மகளுக்கு வைத்த பெயர். இப்போது மேசை இழுப்பறைகளுக்கும் பொருந்துகிறது.

"போடுங்க பெரிம்மா. ஒரு கையெழுத்துதானே."

"படிக்காம எதுலயும் போடமாட்டேன்."

"அப்போ விளையாடுங்க. பழைய அப்டேட், புதுசு ரெண்டையும். புதுச முன்னாடியே பாக்க அனுப்பியிருக்காங்க. நீங்கதான் எதையும் ரெண்டு பத்தி போட்டு ஒப்பிடுவீங்களே."

கேலிதான். ஆனால் நியாயம்.

ஒப்பந்தத்தைத் தேடி தங்கையின் கோப்பைப் பிரித்தேன். தங்கை இறந்த அன்று மருத்துவமனை கொடுத்த சீட்டும் அதில் இருந்தது. இதயத் தசை தடித்துப்போகும் நோய், குடும்பத்தில் வரக்கூடியது, ரத்த உறவுகள் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த மருத்துவமனைதான் ஸ்கேன் வேண்டாம் என்று எழுதும்? மறுபடியும் மடித்து உள்ளே வைத்தேன்.

ஜனவரி 18

விளையாட்டின் பெயர் நீர்வழி. நாம் ஒரு படகோட்டி. ஊர்கள் நீரில் மூழ்கிக்கொண்டிருக்கின்றன. ஆட்களை ஏற்றி மேட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். படகில் ஒரு வானொலிப் பெட்டி. அதில் ஒரு பெண் வழி சொல்லிக்கொண்டே வருகிறாள். முகம் கிடையாது, குரல் மட்டும். அதுதான் தங்கை.

ஒரு மணி நேரத்தில் பதினோரு முறை மரத்தில் மோதினேன்.

"பெரிம்மா, அது மரம். நீங்க எவ்ளோ முறைச்சாலும் அதுக்கு வழி விடத் தெரியாது."

எலி சிரித்து ரொம்ப நாளாயிற்று.

ஜனவரி 25

பழைய அப்டேட்டை முடித்தேன். பெயர் 'வெள்ளம்'.

மனமில்லாமல்தான் எழுதுகிறேன்: நன்றாக இருக்கிறது. வானொலிக்காரி யார், எங்கே உட்கார்ந்திருக்கிறாள், யாரை இழந்தாள், எதையும் சொல்வதில்லை. ஒருமுறை, "உன் பக்கம் மழை விட்டுடுச்சா? இங்க மேசை வரைக்கும் தண்ணி" என்கிறாள், நேரம் சொல்வதுபோல. கடைசியில், "படக நிறுத்தாத. போய்க்கிட்டே இரு. நான் பேசிக்கிட்டேதான்" — அவ்வளவுதான். இரைச்சல். பிறகு நான்கு நிமிடம் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்க, நாமே கரை சேர வேண்டும்.

அந்த நான்கு நிமிடத்தை எழுதியவனுக்குக் கதை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

இது வெளிவந்தபோது தங்கை உயிரோடு இருந்தாள். "ஒரே ஒரு தடவ விளையாடிப் பாருக்கா." எனக்கு வேறு வேலை இல்லையா என்றேன்.

பிப்ரவரி 1

புதிய அப்டேட், 'கரை'. ஆறு அத்தியாயம். இரண்டு பத்தி போட்டுத்தான் எழுதினேன்.

வெள்ளத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் கரையில் சொல்லிவிடுகிறார்கள். அவள் சாகவில்லையாம். பரணில் ஏறித் தப்பினாளாம். பேச்சு ஏன் பாதியில் நின்றது? பேட்டரி தீர்ந்துவிட்டது. பேட்டரி! அந்த நான்கு நிமிட மௌனத்துக்கு இதுதான் விளக்கம். துணி எவ்வளவோ அவ்வளவே சட்டை. கையில் மிஞ்சிய வாக்கியங்களை வைத்துக் கதையை வெட்டியிருக்கிறார்கள். "ஆமா, அப்படித்தான்" என்று நாலு இடத்தில் ஒரே குரலில் சொல்கிறாள். ஒரே பதிவு, நாலு முறை.

நல்ல கதையில் போனவர்கள் போனவர்களாகவே இருக்கிறார்கள். இங்கே இறந்தவள் திரும்பி வந்து எல்லாக் கேள்விக்கும் வரிசையாகப் பதில் சொல்கிறாள்.

கையெழுத்துப் போடப் போவதில்லை.

பிப்ரவரி 2

எலியிடம் சொன்னேன். காரணங்களோடு, வரிசையாக. அவள் பாதிப் பல் தேய்த்த வாயோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மார்க் எவ்ளோ பெரிம்மா? பாஸா ஃபெயிலா?"

"இது விளையாட்டில்ல எலி. உங்கம்மா பேரு அதுல இருக்கு."

"பேரு இல்ல. குரல் இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால் திட்டியிருக்கலாம். மெதுவாகச் சாத்தினாள்.

பிப்ரவரி 3, 4, 5

பேச்சில்லை. ரொட்டி தீர்ந்துவிட்டது என்று ஒரு சீட்டு மட்டும் எழுதி வைத்திருந்தாள்.

பிப்ரவரி 8

மறுப்புக் கடிதம் எழுதுவதற்கு முன் 'கரை'யை இன்னொருமுறை ஓட்டிப் பார்த்தேன். எதையும் ஒருமுறை மட்டும் படித்து நிராகரிப்பதில்லை.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஓர் இடம். அவள் பரண் கதையை நீட்டி முழக்கிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று, "கொஞ்சம் நில்லு… இதோ வந்துட்டேன்." பிறகு எட்டு நொடி. பேச்சில்லை, இசையில்லை. மூச்சு மட்டும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கதையைத் தொடர்கிறாள். அந்த எட்டு நொடியில் படகை நிறுத்தலாம், நிறுத்தாமலும் போகலாம். விளையாட்டு எதையும் வற்புறுத்துவதில்லை. நான் இரண்டு முறையும் நிறுத்தவில்லை.

இரண்டு அப்டேட்டிலும் இதற்கு ஈடான வரி இல்லை. இத்தனை மட்டமான கதைக்குள் இதை எழுதியவர் யார்? வலது பத்தியில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். அந்த வரியை எழுதியது யார் என்று கேட்டு, மூலப் பிரதியும் வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். தொழில் புத்தி.

பிப்ரவரி 12

மதியம் அலுவலகத்தில் இருக்கும்போது கம்பெனியின் ஒலிப்பதிவாளர் அழைத்தார். தங்கையின் பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்தவர்.

"அந்த வரிய யார் எழுதினாங்கன்னு கேட்டிருந்தீங்க மேடம்."

"ஆமா. அவருக்கு ஒரு பாராட்டு சொல்லணும்."



"யாரும் எழுதலீங்க. அது வசனமே இல்ல. ரெண்டு டேக்குக்கு நடுவுல எங்கிட்ட சொன்னாங்க. மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. 'கொஞ்சம் நில்லுங்க'ன்னாங்க. கதையில படகோட்டிய நீன்னுதான் கூப்பிடுவாங்க, அதனால 'ங்க'வ மட்டும் வெட்டிட்டோம்."

புதிய அப்டேட்டில் இருப்பது முழுக்க ஒதுக்கிய டேக்குகளாம். ஒரே வரியை மூன்று நான்கு முறை பேசச் சொல்லி, நன்றாக வந்ததை 'வெள்ள'த்துக்கு எடுத்துக்கொண்டு, மற்றதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பட்டியலை அனுப்பச் சொன்னேன். உடனே அனுப்பினார். நாற்பத்தொரு டேக்குகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, பக்கத்தில் ஒதுக்கிய காரணம். முப்பத்துநாலு இடத்தில் ஒரே குறிப்பு: மூச்சு. மூச்சு. மூச்சு, வேண்டாம். மூச்சு.

திரும்ப அழைத்தேன். "நீங்க யாருமே ஏன் கேக்கல?" என் குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

"கேட்டோம் மேடம். சளின்னாங்க. அக்காவும் அதத்தான் சொன்னாங்கன்னாங்க."

பிப்ரவரி 13

அந்த 'நில்லுங்க' பதிவான தேதி சென்ற ஆண்டு மார்ச் 6. அலமாரியில் போன வருட நாட்குறிப்பு இருக்கிறது. மேற்கோளை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அதுதானே என் வேலை.

அந்தத் தேதிப் பக்கத்தை அப்படியே எடுத்தெழுதுகிறேன்:

"தங்கை அழைத்தாள். நாலு வரி சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறதாம், படியேறினால் நெஞ்சு அடைக்கிறதாம். எப்போதும்போல் ஒன்றைப் பத்தாக்குகிறாள். சளியாக இருக்கும், மைக் இல்லாத இடத்திலும் நடிக்காதே என்றேன். சிரித்தாள். குழாய்க்காரர் இன்றும் வரவில்லை."

ஜூலையில் ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்தாள். பாதிப் படியில்.

சிரித்தாள் என்று எழுதியிருக்கிறேன். சிரித்தாளா? எட்டு நொடி மூச்சு வாங்கினாளா? எனக்குச் சிரிப்பாகக் கேட்டதா?

பிப்ரவரி 14

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 16

ஞாயிறு. எலி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து ஒலிப்பதிவாளர் சொன்னதைச் சொன்னேன். பழைய நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தைப் படித்தேன், குழாய்க்காரர் வரைக்கும். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அம்மா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"இத்தன நாளா ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லி என்ன பண்றது? நான் உங்க வீட்லதானே இருக்கணும்."

சட்டையின் கையைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்தபடியே பேசினாள்.

"கதை மட்டம்னு எனக்கும் தெரியும் பெரிம்மா. நான் கதைக்காகக் கேக்கல. 'வெள்ள'த்துல இருக்கறது எல்லாம் நல்ல டேக்கு. அது வேலைக்குப் போன அம்மா. வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்ட முடியாம உக்காந்திருந்த அம்மா இதுலதான் இருக்காங்க."

என் இரண்டு பத்திகளில் எதிலும் இது இல்லை.

"அப்புறம் டாக்டர்கிட்ட போனியான்னாவது நான் கேட்டிருக்கணும்" என்றேன்.

"போலாம்னுதான் இருந்தாங்க. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், படிச்சவன்னு சொன்னாங்க."

பிப்ரவரி 17

மடித்து வைத்த மருத்துவமனைச் சீட்டை வெளியே எடுத்தேன். இருவருக்கும் ஸ்கேனுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். எலியிடம் கேட்டேன், "உனக்கும் மூச்சு வாங்குமா?"

"எப்பவாச்சும். மாடி ஏறும்போது."

"ஏன் சொல்—"

முடிக்கவில்லை. அவளும் என்னை முடிக்கச் சொல்லவில்லை.

மார்ச் 1

காலையில் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிடச் சொல்லலாமா என்று நேற்று எலியிடம் கேட்டிருந்தேன். அது கதைக்காகச் சொன்னது இல்லையே, ஒரு மனுஷி கேட்டது அல்லவா, அதை வைத்து விளையாடுவது சரியா என்று நீளமாகப் பேசினேன்.

"அத எடுத்தா யாருக்கு நல்லது?" என்றாள்.

வரி இருக்கிறது.

மார்ச் 9

எனக்கு ஒன்றுமில்லை. கல் மாதிரி இருக்கிறதாம் இதயம். மருத்துவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

எலிக்கு இருக்கிறது. ஆரம்ப நிலை. ஓடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, தினமும் மாத்திரை, ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். "நல்லவேளை, சீக்கிரமே கூட்டிட்டு வந்தீங்க" என்றார். சீட்டை ஏழு மாதம் கோப்பில் மடித்து வைத்திருந்தேன் என்று அவரிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் எலி, "எலிக்கு மாத்திரை வைக்கறது உங்க வீட்டுல இதான் முதல் தடவையா?" என்றாள். சிரிக்க முயன்றேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 22

குழாய்க்காரர் வந்தார். வாஷர் தேய்ந்திருந்ததாம், ஐந்து நிமிட வேலை. சத்தமில்லாத வீட்டில், பக்கத்து அறையில் எலி மூச்சு விடுவது கேட்கிறது. கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "கதவுக்கு வெளிய நிக்காதீங்க பெரிம்மா, பயமா இருக்கு" என்கிறாள்.

ஏப்ரல் 19

நேற்று 'கரை' வெளியாகிவிட்டது. எதிர்பார்த்ததுபோலத்தான் சொல்கிறார்கள்: 'வெள்ள'த்தின் பக்கத்தில் நிற்க முடியாது, தேவையில்லாத விளக்கங்கள், பேட்டரி ஒரு கேலிக்கூத்து. எல்லாம் என் இடது பத்தியிலும் வலது பத்தியிலும் முன்பே எழுதியவை. ஒருவர் மட்டும் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒலி கொஞ்சம் தடைப்படுகிறது, சரிசெய்யுங்கள் என்று புகார் எழுதியிருக்கிறார்.

இன்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தால் லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி. பையை நான் வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினேன். இரண்டாம் மாடி வளைவில், பின்னாலிருந்து:

"பெரிம்மா, கொஞ்சம் நில்லுங்க."

நின்றேன். எண்ணத் தொடங்கினேன், பழக்கம். எட்டைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். பையைப் படியில் வைத்தேன். கீழே இறங்கி, அவளுக்கு ஒரு படி தாழ நின்றுகொண்டேன்.