நாற்பது பெட்டி ஒன்றானது

என் வீட்டு மகாராணிக்கு,

இங்கே நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? திட்டுவதற்கு ஆள் இல்லாமல் வாயும் வலிக்குமே.

நான் தூசி துடைக்கும் கம்ப்யூட்டர் கூடத்தில் பீரோ உயரத்தில் நாற்பது பெட்டிகள் இரைந்துகொண்டு நிற்கும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நாலு நாள் லீவு முடிந்து காலையில் கதவைத் திறந்தால் கூடமே காலி. மூலையில் ஒரே ஒரு பெட்டி. திருட்டு என்று பதறி அபாய மணியை அமுக்கிவிட்டேன்.

இன்ஜினியர் ஓடிவந்து சிரித்தார். "திருடன் இல்லண்ணே. புது பிராசஸர் வந்திருக்கு. நாப்பது பெட்டி வேலைய இது ஒண்ணே செஞ்சிடும்."

"அப்ப தொடைக்கிற நாங்க ஆறு பேரு?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வார்களாம். யாரென்று வெள்ளிக்கிழமை சொல்வார்களாம். மணி அடித்துக் கட்டடத்தையே காலி செய்த என்னை மறப்பார்களா?

அந்தப் பெட்டிகளின் பின்பக்கச் சூட்டில் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுவேன். இப்போது கூடம் சில்லென்று கிடக்கிறது. என் ஸ்வெட்டரை அனுப்பு.

வெள்ளிக்கிழமை வரைகூடக் காத்திருக்காமல் சூப்பர்வைசர் இப்போதே கூப்பிடுகிறார். ஸ்வெட்டர் இப்போதைக்கு வேண்டாம். நம் பீரோவில் என் தட்டில் உன் சேலைகளை அடுக்கியிருப்பாய். அதை மட்டும் காலி செய்து வை.

உன் வீட்டுக்காரன்