புழு அறையும் அக்காவின் மூச்சும்

மார்ச் 3, காலை 6.10

பட்டுப்புழுக்கள் 412. தட்டுகள் நான்கு. வெப்பம் 26, ஈரப்பதம் 78. இரண்டையும் சரியாக வைத்திருக்க நான் செய்த தானியங்கிப் பெட்டி சொன்னபடி கேட்கிறது. புழுக்கள்தான் கேட்கவில்லை. நேற்றிலிருந்து தின்னவில்லை, தலையைத் தூக்கிக்கொண்டு கல்லாக நிற்கின்றன. செத்துவிட்டதா என்று ஒன்றைக் குச்சியால் தட்டினேன். மல்பெரி இலை கொடுப்பவர் போனில் திட்டினார்: "தோல் உரிக்குது தம்பி, தொந்தரவு பண்ணாதீங்க. இலை போடாம சுண்ணாம்புத் தூள் மட்டும் தூவுங்க."

தையல் மெஷினிலிருந்து நிமிராமல் அக்கா சொன்னாள்: "திங்கட்கிழமை காலையில நீ நிக்கிற மாதிரியே நிக்குதுடா."

மார்ச் 4

தூவினேன். அக்காவுக்கு இருமல்.

மார்ச் 7

இருமல் இழுப்பாகிவிட்டது. உட்கார்ந்தபடியே தூங்கினாள். புழுவால்தான் என்கிறாள். துணிப் பஞ்சு என்றேன்.

"எட்டு வருஷமாத் தைக்கிறேன். உன் புழு வந்த பிறகுதான் பஞ்சுக்கு வழி தெரிஞ்சுதாக்கும்."

கொசுவத்தி கூடாது, சென்ட் கூடாது, அடுப்பில் எதையும் வறுக்கக் கூடாது — புழுவுக்காக நான் போட்ட சட்டம் எல்லாவற்றுக்கும் சரி என்றவள். இப்போது மட்டும் ஏன் மல்லுக்கு நிற்கிறாள்?

மார்ச் 10

சோதித்துவிடலாம். மெஷின், துணி மூட்டை, அக்கா — மூன்றையும் சித்தி வீட்டுக்கு அனுப்பினேன். அங்கேயும் இழுத்தால் பஞ்சு. நின்றால் புழு.

ஆட்டோவில் ஏறும்போது, "கடைசியில உன் புழு மாதிரி என்னையும் தட்டு மாத்திட்டே," என்றாள்.

மார்ச் 13

சித்தி போன். "அதே துணி, அதே மெஷின். இருமலே இல்லடா. நல்லாத் தூங்குறா."

புழுதான். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடு கட்ட இன்னும் நாலே நாள். பெட்டி வேலை செய்கிறது என்று பட்டு வளர்ப்பவர்களிடம் காட்டிவிட்டால், அதை விற்றே பிழைக்கலாம், என் ஏசி ரிப்பேர் வேலையை விட்டுத் தொலைக்கலாம். அதுவரை அங்கேயே இரு என்று அக்காவிடம் சொன்னேன். "சரிடா" என்றாள். சண்டைகூடப் போடவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 15

அக்கா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் வேலையில். பக்கத்து வீட்டம்மா போன் — "உங்கக்கா மூச்சு விட முடியாம படியில உக்காந்திருக்கா."

ஆஸ்பத்திரி. மூக்கிலும் வாயிலும் மருந்துப்புகைக் கவசம். டாக்டர்: "புழுவோட செதில், எச்சம், எல்லாம் காத்துல கலக்கும். சிலருக்கு ஒத்துக்காது. திரும்ப இழுப்பு வந்தா இதைவிட மோசமா இருக்கும்."

துணி அலமாரி முன்னறையில். புழு அறைக்குள் எதுக்குப் போனே என்று கத்தினேன். கவசத்தை விலக்கிச் சொன்னாள்: "தட்டெல்லாம் காஞ்சு கிடந்துச்சுடா. இலை போட்டேன்."

கவசத்தை அவள் முகத்தில் திரும்ப வைத்தேன்.

மார்ச் 16

இலைக்காரரிடம் பேசினேன். "கூடு கட்டுற நேரத்துல இடம் மாத்தினா பாதி தேறாதே தம்பி." போகட்டும்.

1. மதியத்துக்குள் எல்லாத் தட்டுகளையும் அவர் கொட்டகையில் சேர்ப்பது.
2. அறையை ஈரத்துணியால் துடைப்பது. பெருக்கினால் தூள் பறக்கும். சுவர், மின்விசிறி இறக்கை, அலமாரியின் மேல்பக்கம்.
3. மெஷினைத் திரும்பக் கொண்டுவருவது. அக்கா சொல்லும்போது. நான் சொல்லும்போது இல்லை.
4. ஒரே ஒரு தட்டை மட்டும் மொட்டைமாடியில் வைத்தால் என்ன என்று யோசிக்காமல் இருப்பது.