படையல் பக்கத்தில் உங்கள் பென்சில் கோடு

பாசமுள்ள தேவா அண்ணே,

அங்கே போயும் நீங்கள் சும்மா இருக்க மாட்டீர்கள். யாருடைய கதையிலாவது நடு அத்தியாயத்தைத் தூக்கச் சொல்லி வம்பு வளர்த்துக்கொண்டிருப்பீர்கள். அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, சுங்கை லாலாங்கிலிருந்து உங்கள் லெட்சுமி சொல்லும் செய்தியைக் கேளுங்கள். நாவல் முடிந்துவிட்டது அண்ணே.

முதன்முதலில் உங்கள் பீடோங் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் ஒரு வரிகூட இல்லை. தொழிற்சாலை வேலையும் எழுதும் ஆசையும்தான் இருந்தன. நீங்கள் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே பிறர் நாவல்களைச் செப்பனிட்டுக் கொடுக்கிறவர் என்று கேள்விப்பட்டு வந்தேன். எழுதி முடித்தவர்கள்தான் உங்களிடம் வரவேண்டுமோ என்று வாசலிலேயே தயங்கினேன். நீங்கள் கார் சாவியை எடுத்தீர்கள்.

“காடியில ஏறும்மா. மெர்போக் வரைக்கும் ஒரு ரவுண்ட் போயிட்டு வரலாம்லா. கதைய முழுசா வாயால சொல்லு. எங்க சொல்ல முடியாம நிக்குதோ, அங்கதான் உனக்கு வேல இருக்கு.”

அண்ணியும் கூடவே ஏறிக்கொண்டார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஓர் அப்பாவின் கதை அது. அவர் செத்த இடத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அங்கேயே நீங்கள் வண்டியைத் திருப்பினீர்கள்.

பாதி எழுதித் திணறியபோது கேள்விகள் மட்டும் கேட்டீர்கள். பென்சிலைத் தொடவே இல்லை. “வளர்றப்ப வெட்டுனா பயந்துரும்மா” என்றீர்கள். முழுசாக எழுதிக் கொண்டுவந்த பிறகுதான் காதிலிருந்து பென்சில் இறங்கியது. இறங்கிய பிறகு இரக்கமே கிடையாது! நான் ஆசை ஆசையாக எழுதிய சூரியோதயங்கள் எல்லாம் போயின. அன்று உங்களைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். இன்று அந்தப் பக்கங்களைப் படித்தால், நல்லவேளை என்று கும்பிடத் தோன்றுகிறது.

அந்த அப்பாவின் பதினாறாம் நாள் படையலில்தான் நாம் முட்டிக்கொண்டோம். சாம்பார், வடை, பாயசம் என்று எழுதியிருந்தேன்.

“கதை முழுக்க நெத்திலி சம்பலும் கறுப்பு பீருமா இருந்த ஆளு, செத்ததும் சைவமாயிட்டாரா? உங்க வீட்டுல நெஜமா என்ன வச்சாங்க?”

“எங்கப்பா குடிச்சது ஊருக்கே தெரியும் அண்ணே. அம்மா தன் கையால ஊத்தி வச்சாங்கன்னு எப்படி எழுதறது? மானம் போச்சுன்னு அழுவாங்க.”

நம் வீடுகளில் யார்தான் செத்தவருக்குப் பிடித்ததை வைக்காமல் இருக்கிறோம்? படையலில் வைப்போம், புத்தகத்தில் மட்டும் ஒளித்துவிடுவோம். உயிரோடு இருந்தவரை அந்தப் போத்தலோடு சண்டை போட்ட அம்மாவே அன்று ஊற்றி வைத்தார். அதை அப்படியே எழுதி அனுப்பினேன். நீங்கள் படித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் உங்களுக்கு மாரடைப்பு வந்தது.

அண்ணி திருப்பிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியில், படையல் பக்கம்வரை உங்கள் கோடுகள் இருந்தன. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: ‘இன்னும் என்ன இருந்தது?’ மிச்சப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றைப் புரட்டிப் புரட்டி அழுதேன்.

உங்கள் பதினாறாம் நாள் படையலில், நீங்கள் விரும்பிக் குடிக்கும் கோப்பிக்குப் பக்கத்தில் அண்ணி பென்சிலை வைத்தார். “அழிப்பான் வேணாம்லா. போட்ட கோட்ட உங்கண்ணே என்னைக்கு அழிச்சாரு?” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

உங்கள் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மிச்சப் பக்கங்களை நானே திருத்தி முடித்தேன். அச்சுக்கு அனுப்பும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது, அவர் வேண்டாம் என்றால் அத்தியாயத்தையே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது படித்தேன். பீர் ஊற்றும் இடம் வந்ததும் அவர் கை நின்றது.

“யாரக் கேட்டு எழுதுன?”

நான் தாளை மடக்கினேன். “எடுத்துரட்டுமாம்மா?”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கச்சான் கடலைய எங்க? வறுத்த கச்சான் இல்லாம உங்கப்பா என்னைக்குக் குடிச்சாரு? நான்தானே வறுத்து வச்சேன். அத விட்டுட்டு என்னத்த எழுதுன?”

உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதே பக்கத்தில் சேர்த்துவிட்டேன். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் அம்மாவை எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இதற்கு நன்றி என்ற சொல் போதுமா?

பாலிங்கிலிருந்து ஒரு பெண் உங்களைத் தேடி அண்ணிக்குப் போன் செய்தாளாம். நாவல் பாதியில் நிற்கிறதாம். அண்ணி என்னிடம் அனுப்புகிறார். அவளிடம் கேள்விகள் மட்டும்தான் கேட்பேன், பென்சிலைத் தொட மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் வருஷத் திதிக்குள் புத்தகம் வந்துவிடும். அந்தப் பக்கத்தை விரித்து உங்கள் படத்துக்கு முன்னால் வைப்பேன். பக்கத்தில் ஒரு பிடி கச்சானும் இருக்கும். அதை அம்மாவே வறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
லெட்சுமி